புதுப் பதிப்பும் கலங்கல் தண்ணீரும்

இந்த அத்தியாயத்தை ஒரு பிரிண்டரில் இருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. பாளையங்கோட்டையில் நான் வழக்கமாகப் போகும் ஜெராக்ஸ் கடையில் இருக்கும் பிரிண்டர் அது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், ஒரு லேமினேஷன் மெஷின், இவ்வளவுதான் கடை. அண்ணாச்சி லினக்ஸுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளைகள் கொண்டுவரும் பென்டிரைவைப் பயமில்லாமல் செருக முடிகிறது என்பதுதான் அவர் கண்ட முதல் லாபம்.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, தான் வைத்திருந்த லினக்ஸின் புதுப் பதிப்பைப் பற்றி யூடியூபில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். வேகம் என்றார்கள், அழகு என்றார்கள். அப்கிரேடு பொத்தானை அழுத்திவிட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் ஏதோ ஒரு தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். வாசலில் இருபது பேர். எனக்குப் போன் வந்தது.

"தம்பி, பச்சை வெளக்கு எரியுது, பேப்பர் வரமாட்டேங்கு. செத்த வந்துட்டுப் போங்க."

போய்ப் பார்த்தேன். சில லேசர் பிரிண்டர்களுக்குச் சொந்த ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு தடவை சுவிட்ச் போடும்போதும் கம்ப்யூட்டர்தான் அதற்கு வேண்டிய ஃபர்ம்வேரை ஊட்டிவிட வேண்டும். ஊட்டிவிடும் கோப்பும் டிரைவரும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். அப்கிரேடில் டிரைவர் புதிதாகிவிட்டது, கோப்பு பழையதாகவே கிடந்தது. சரியான கோப்பை இறக்கிப் போடப் பத்து நிமிஷம். காரணம் இன்னதென்று கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம். அதற்குள் இருபது பேரில் பாதிப் பேர் எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள்.

அந்த வீடியோக்காரர் பொய் சொல்லவில்லை. அவரிடம் பிரிண்டர் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு லினக்ஸ் பதிப்பு வெளியானதும் வருகிற புகழ்ச்சி, இகழ்ச்சி, செய்தி, புலம்பல் எல்லாவற்றையும் எப்படிப் படிப்பது என்பதுதான் இந்த அத்தியாயம். எந்தப் பதிப்பு சிறந்தது என்று இங்கே தேடாதீர்கள். அடுத்த ஏப்ரலில் அது பழங்கதை ஆகிவிடும்.

யார் வீட்டுக் கம்ப்யூட்டர்?

முதல் நாளே வெளியாகும் விமர்சனங்களில் பல, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரைப் போல நடிக்க வைத்து, அதாவது விர்ச்சுவல் மெஷினில், ஓட்டிப் பார்த்து எழுதப்படுபவை. அந்த நடிப்புக் கம்ப்யூட்டருக்கு வைஃபை கார்டு கிடையாது, மூடித் திறக்க மூடி கிடையாது, பேட்டரி கிடையாது. நம்மூரில் லினக்ஸ் மக்கர் பண்ணுகிற இடங்களோ இவைதான். வீடியோவில் அவர் வைஃபை பாஸ்வேர்டு அடிக்கிறாரா, லேப்டாப்பை மூடித் திறந்து காட்டுகிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் வால்பேப்பரை ரசித்துவிட்டு மேலே போகலாம்.

ஃபோரானிக்ஸ் போன்ற தளங்கள் 2004 முதல் வேகத்தை அளந்து எண்களாகப் போடுகின்றன. நல்ல வேலைதான். ஆனால் பெரும்பாலும் புத்தம்புதுப் பிராசசர்களில் அளக்கிறார்கள். அங்கே தெரியும் நாலு சதவீத வித்தியாசம், வீரவநல்லூரில் பில் போடும் பத்து வருஷப் பழைய டெஸ்க்டாப்பில் யார் கண்ணுக்கும் தெரியாது. டிஸ்ட்ரோவாட்ச் தளத்தின் தரவரிசையைக் காட்டி 'உலகத்திலேயே நம்பர் ஒன்' என்பார்கள். அந்தத் தளத்தில் எந்த லினக்ஸின் பக்கத்தை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்ற கணக்குதான் அந்த வரிசை. எத்தனை பேர் நிறுவினார்கள், எத்தனை பேர் ஒரு மாதம் தாக்குப்பிடித்தார்கள் என்பது அதில் இல்லை.

சில சமயம் காலமும் சேர்ந்து செய்தியை ஊதிவிடும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதே நாளில் ஜோரின் ஓஎஸ் 18 என்ற லினக்ஸ் வெளியானது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 சில்லு வேண்டும், பிராசசரும் ஓரளவு புதிதாக இருக்க வேண்டும் என்பதால் நல்ல நிலையில் இருந்த லேப்டாப்புகள்கூட வாசலுக்கு வெளியே நின்றன. 'விண்டோஸுக்கு முடிவு, லினக்ஸுக்கு விடிவு' என்கிற தொனியில் வந்த எழுத்துகளை அந்தப் பரபரப்போடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பிடிக்கவில்லையா, ஓடவில்லையா?

பயனர்கள் சொல்வதைக் கேட்கும்போது நான் முதலில் பிரித்துக்கொள்வது இதைத்தான். பிடிக்கவில்லை என்பது ஒன்று, ஓடவில்லை என்பது வேறு. கோபம் இரண்டிலும் ஒரே அளவு இருப்பதால் குழம்பிப்போகிறோம்.

2011 ஏப்ரலில் உபுண்டு 11.04 யூனிட்டி என்ற புதிய முகப்போடு வந்தது. அதே மாதம் இன்னொரு முகப்பான க்னோம் 3 வந்தது. பழகிய மெனு காணாமல் போனதும் உலகமே கூச்சல் போட்டது. லினக்ஸின் கருவை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸே க்னோம் 3ஐத் திட்டிவிட்டு எக்ஸ்எஃப்சிஇ என்ற முகப்பின் பக்கம் போனார். அப்போது திட்டியவர்களில் பலர் இன்று க்னோமில்தான் வேலை பார்க்கிறார்கள். யூனிட்டியை உபுண்டுவே 2017இல் கைவிட்டு க்னோமுக்குத் திரும்பியது. இது பெரும்பாலும் கைப்பழக்கத்தின் புலம்பல். புது வீட்டில் ராத்திரி சுவிட்சைத் தேடித் தடவுகிற மாதிரி. இரண்டு வாரம் பொறுத்தால் பாதி தீர்ந்துவிடும்.

முகப்பைப் பற்றிய புகார் எல்லாமே புலம்பல் என்று ஒதுக்கியும் விட முடியாது. 2012 அக்டோபரில் வந்த உபுண்டு 12.10இல், சொந்தக் கம்ப்யூட்டரில் ஒரு கோப்பைத் தேடினால், தேடிய சொல் வெளியே போய் அமேசான் பொருட்களும் கூடவே வந்து நின்றன. ரிச்சர்ட் ஸ்டால்மன் இதை உளவு மென்பொருள் என்றே சொன்னார். 'எப்போதும் குறை சொல்லும் கூட்டம்' என்று சிலர் அதைத் தள்ளினார்கள். குறை சொன்னவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது. 2016இல் வந்த 16.04இல் அந்த ஏற்பாடு தானாக இயங்காதபடி நிறுத்தப்பட்டது.

ஓடவில்லை என்ற வகைக்கு வருவோம். 2017 அக்டோபரில் வந்த உபுண்டு 17.10, சில லெனோவோ மாடல்களிலும் வேறு சிலவற்றிலும் பயாஸையே பாதித்தது. டிசம்பரில் அதைத் தரவிறக்கும் இணைப்பையே எடுத்துவிட்டார்கள். இதற்கு முன்னோட்டமாகச் சில பயனர்கள் தங்கள் மாடல் எண்ணோடு எழுதிய சின்னச் சின்னப் புகார்கள்தான் இருந்தன. அழகான விமர்சனம் பத்தைவிட 'இந்த மாடல், இந்தப் பதிப்பு, இப்படிச் செய்தேன், இப்படி ஆயிற்று' என்கிற நாலு வரிக்கு நான் மதிப்புக் கொடுப்பது அதனால்தான்.

இன்னும் கிட்டத்து உதாரணம், 2024 ஏப்ரல் 25 அன்று வெளியான உபுண்டு 24.04. ஐந்து வருஷ ஆதரவு உள்ள எல்டிஎஸ் பதிப்பு. நம்பி நிறுவியவர்கள், இணையத்தில் இருந்து இறக்கிய டெப் கோப்பை இரட்டைச் சொடுக்கினால் நிறுவ முடியவில்லை என்று கண்டார்கள். டெர்மினல் தெரிந்தவர்களுக்கு ஒரு வரி வேலை, புதியவர்களுக்கோ முட்டுச்சந்து. பின்னால் சரிசெய்தார்கள். 24.04.1 என்ற முதல் திருத்தப் பதிப்பு ஆகஸ்ட் 15இல் வரவேண்டியது, 29க்குத் தள்ளிப்போனது. வந்த கையோடு பழைய 22.04இல் இருந்து தாவும் வழியில் ஒரு பெரிய பிழை தெரிந்து அந்தக் கதவைத் தற்காலிகமாக அடைத்தார்கள்.

உபுண்டுவின் பதிப்பு எண்ணிலேயே பிறந்த தேதி இருக்கிறது. 24.04 என்றால் 2024, நாலாம் மாதம். இரட்டைப்படை வருஷ ஏப்ரலில் வருவது எல்டிஎஸ். மற்றவற்றுக்கு ஆதரவு ஒன்பது மாதம்தான், அவை புதுமைகளைப் பழகிப் பார்க்கும் களம். 2025 அக்டோபரில் வந்த 25.10இல் அடிப்படைக் கட்டளைகள் பலவற்றை ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதிய வடிவத்துக்கு மாற்றினார்கள். அதில் தேதி பார்க்கும் கட்டளையில் இருந்த பிழையால் தானியங்கிப் புதுப்பிப்பு வேலை செய்யாமல் போனது. ஃபிளாட்பேக் செயலிகளை நிறுவுவதிலும் சிக்கல். இரண்டுக்கும் திருத்தம் வந்துவிட்டது. ஊடகங்கள் இதை வைத்து உபுண்டுவையே கழுவி ஊற்றின. கடை நடத்துகிறவர் 25.10ஐப் போட்டிருந்தால் கழுவி ஊற்ற வேண்டியது வேறொருவரை.

தாமிரபரணியில் புதுவெள்ளம் வரும்போது கரையில் நின்று பார்க்கத்தான் செய்வோம். தண்ணீர் செம்மண் நிறத்தில் இருக்கிறது, மரம் அடித்து வருகிறது, யாரும் குடத்தைக் கொண்டுபோவதில்லை. உபுண்டுவே தன் எல்டிஎஸ் பயனர்களுக்கு இதைத்தான் செய்கிறது. புதிய எல்டிஎஸ் வந்தாலும், புள்ளி ஒன்று வெளியாகும் வரை அப்கிரேடு செய்யச் சொல்லி அறிவிப்புக் காட்டாது. நீங்களும் ஆகஸ்ட் வரை பொறுங்கள். அதிலும் உங்கள் தொழிலின் நெருக்கடி மாதம் எது என்று பாருங்கள். ஜெராக்ஸ் கடைக்கு மே முதல் ஜூலை வரை, பிளஸ் டூ ரிசல்ட்டும் கல்லூரி விண்ணப்பமுமாகத் தலை தூக்க முடியாது. அப்போது எந்த மென்பொருளையும் சீண்டக் கூடாது.

சுதேசிச் செய்திகளைப் படிப்பது

தமிழ்ப் பத்திரிகைகளில் இயங்குதளம் முதல் பக்கத்துக்கு வருவது அபூர்வம். வந்தால் பெரும்பாலும் 'இந்தியா உருவாக்கியது' என்ற தலைப்போடுதான் வரும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007 முதல் இருக்கிறது. 2011இல் தமிழக அரசு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு கூடவே பாஸும் அதில் இருந்தது. 2023 ஜனவரியில் சென்னை ஐஐடியில் வளர்ந்த ஒரு நிறுவனத்தின் பார்ஓஎஸ் என்ற கைபேசி இயங்குதளம் அறிமுகமானது. மத்திய அமைச்சர்கள் அதைச் சோதித்துப் பார்க்கும் படங்கள் வந்தன. அதே வருஷம் ஆகஸ்டில், பாதுகாப்பு அமைச்சகம் இணைய இணைப்புள்ள தன் கம்ப்யூட்டர்களில் விண்டோஸுக்குப் பதிலாக மாயா என்ற இயங்குதளத்தைப் போடப்போகிறது என்ற செய்தி.

மூன்றிலும் ஒரே நாடகம் நடந்தது. முதல் நாள், 'கூகுளுக்கும் மைக்ரோசாஃப்ட்டுக்கும் சவால்'. மூன்றாம் நாள், 'அட, இது டெபியன்தானே, இது உபுண்டுதானே, இது ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரல்தானே' என்று நக்கல். பாஸ் டெபியனில் இருந்து வந்தது, மாயா உபுண்டுவில் இருந்து, பார்ஓஎஸ் ஆண்ட்ராய்டில் இருந்து. எல்லாம் உண்மை. ஆனால் உபுண்டுவே டெபியனில் இருந்து வந்ததுதான். நம்மூரில் பலர் வைத்திருக்கும் லினக்ஸ் மின்ட், உபுண்டுவில் இருந்து கிளைத்தது.

தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலும் கால்வாய் பிரிகிறது. கன்னடியன் கால்வாயில் பாய்கிற தண்ணீர் தாமிரபரணித் தண்ணீர் இல்லை என்று சேரன்மகாதேவியில் யாராவது சொல்வார்களா? கால்வாய் வெட்டுவது லேசான வேலையும் இல்லை. அதே சமயம், கால்வாய் வெட்டியவர் வந்து 'ஆற்றையே நான்தான் உண்டாக்கினேன்' என்றால் சிரிக்காமல் இருப்போமா? முதல் நாள் செய்தி ஆற்றை உண்டாக்கியதாகச் சொல்கிறது. மூன்றாம் நாள் நக்கல், கால்வாய் வெட்டியதே இல்லை என்கிறது.

கடைமடை விவசாயி கேட்கிற கேள்வியைத்தான் நாம் கேட்க வேண்டும்: தண்ணீர் எப்போது வரும்? மேலே டெபியனிலோ உபுண்டுவிலோ ஒரு பாதுகாப்புத் திருத்தம் வெளியானால், நாம் போட்டிருக்கும் கிளைக்கு அது எத்தனை நாளில் வந்து சேருகிறது? எந்த வருஷம் வரை வரும்? இதை எழுதாத செய்தியைப் படித்து எதையும் நிறுவாதீர்கள். சுதேசியோ விதேசியோ, கேள்வி ஒன்றுதான்.

பாஸைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த லேப்டாப்புகளில் எனக்குத் தெரிந்த பிள்ளைகள் பலர், ஆன் செய்ததும் வரும் கறுப்புத் திரையில் இரண்டாவது வரியை ஒரு தடவைகூடத் தேர்ந்தெடுத்ததில்லை. பிடிக்காமல் அல்ல, அது என்னவென்று யாரும் சொல்லவில்லை. 2018இல் வந்த பதினொன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் விண்டோஸோடு உபுண்டுவும் பாடமாக வந்தது. 'லினக்ஸ் மக்களிடம் எடுபடவில்லை' என்று எழுதுகிறவர்கள், மக்கள் அதைத் திறந்தார்களா என்று முதலில் விசாரித்திருக்கலாம்.

உங்கள் மேஜையில் ஒரு மணி நேரம்

பிறர் சொன்னதைக் கேட்டாயிற்று. இனி உங்கள் கம்ப்யூட்டரே சொல்லட்டும். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். லினக்ஸை அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், ஹார்ட் டிஸ்கில் ஒன்றையும் தொடாது.

ஐஎஸ்ஓ கோப்பை அந்த லினக்ஸின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள். இறக்கியதும் எஸ்எச்ஏ256 எண்ணைச் சரிபாருங்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள்ளேயே ஒருவர் புகுந்து, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்கு இணைப்பைத் திருப்பிவிட்டார். கம்ப்யூட்டர் மிகப் பழையது என்றால் 32 பிட்டா, 64 பிட்டா என்று பாருங்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் கம்ப்யூட்டருக்கான இன்ஸ்டாலரே கிடையாது. ரேம் 2 ஜிபி என்றால் எந்த விமர்சனத்தையும் நம்பி மனக்கோட்டை கட்ட வேண்டாம். லினக்ஸ் ஓடும், ஆனால் பிரவுசரில் நாலு டேப் திறந்தால் மூச்சு முட்டும். ஒரு எஸ்எஸ்டியும் இன்னொரு ரேமும் வாங்கிப் போடுவது, பதிப்பு மாற்றுவதைவிட அதிகப் பலன் தரும்.

பென்டிரைவில் இருந்து ஓடத் தொடங்கியதும் வைஃபை பிடிக்கிறதா பாருங்கள். மூடியை மூடி, ஐந்து நிமிஷம் கழித்துத் திறங்கள். பிரிண்டரில் ஒரு பக்கம் எடுங்கள். பிரிண்டரை அணைத்து மறுபடி போட்டு இன்னொரு பக்கம் எடுங்கள், அண்ணாச்சி கடையில் மாட்டிக்கொண்டது இந்த இரண்டாவது பக்கத்தில்தான். கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன், டேலி என்று விண்டோஸையே நம்பி இருக்கும் வேலை உண்டென்றால் அதற்கு ஒரு கம்ப்யூட்டரைத் தனியாக விட்டுவிடுங்கள். இதில் வீராப்புக் காட்ட ஒன்றும் இல்லை.

பிறகு தமிழ். வெளிநாட்டு விமர்சனம் எதிலும் வராத சோதனை இது, நமக்கோ பாதி வாழ்க்கை. டைப்ரைட்டர் முறையில் பழகியவரா, தமிழ்99 முறையா? உங்கள் விசைப்பலகை பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு 'கொக்கிரகுளம்' என்று அடித்துப் பாருங்கள். 'கொ' ஒற்றை எழுத்தாக நிற்க வேண்டும். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறினால், அல்லது நடுவில் புள்ளி வட்டம் தெரிந்தால் எழுத்துருவிலோ அந்தச் செயலியிலோ கோளாறு. ஒரு செயலியில் சரியாக வந்தது என்று விட்டுவிடாமல் லிபரெஆபீஸிலும் பிரவுசரிலும் பிடிஎஃப் ஆக்கியும் பாருங்கள்.

அடுத்தது பழைய கோப்புகள். பத்திர எழுத்தர்களும் அச்சகக்காரர்களும் இருபது வருஷமாகப் பாமினியில் அடித்துச் சேர்த்தவை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகக் கொட்டும், மெய்யெழுத்துப் புள்ளி வரவேண்டிய இடத்திலெல்லாம் அரைப்புள்ளி வந்து நிற்கும். 'லினக்ஸ் என் ஃபைலைக் கெடுத்துவிட்டது' என்று என்னிடம் வந்த ஒருவரின் கோப்பு இப்படித்தான் இருந்தது. கெடவில்லை. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போடுகிற எழுத்துரு, முகமூடி கழன்றுவிட்டது, அவ்வளவே. எழுத்துருவைப் போட்டால் திரும்ப வரும். யூனிகோடுக்கு மாற்றிவைத்தால் நிரந்தரமாகத் தீரும். மாற்றும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆங்கிலச் சொற்கள் கலந்த கோப்பில் மட்டும் மாற்றியபின் ஒரு தடவை கண்ணால் படித்துவிடுங்கள், அந்தச் சொற்களும் தமிழாகக் குதறப்பட்டிருக்கும்.

நகல் எடுக்காமல் நிறுவாதீர்கள் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். நெல்லைக்காரர்களுக்கு அதில் ஒரு வரி கூடுதல். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் ஜங்ஷன் பக்கம் தரைத்தளக் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, கம்ப்யூட்டரும் அதே மேஜை டிராயரில் இருந்த நகல் டிஸ்கும் சேர்ந்தே நனைந்த கதைகள் உண்டு. ஒரு நகல் மாடியில் இருக்கட்டும், இன்னொன்று வேறு ஊரில்.

உங்கள் விமர்சனம்

சோதித்ததை எழுதி வையுங்கள். 'ஓடல' என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. கம்ப்யூட்டர் மாடல், ரேம், லினக்ஸின் பதிப்பு எண், பிரிண்டர் மாடல், என்ன செய்தீர்கள், என்ன ஆயிற்று, பழைய பதிப்பில் எப்படி இருந்தது. இதைத் தமிழிலேயே எழுதலாம். 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் போன்ற முயற்சிகளால் தமிழில் லினக்ஸ் பேசுகிறவர்கள் இப்போது ஏராளம். பிழை அறிக்கையாகவும் அனுப்புங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் மாடல் எண் தெளிவாக இருந்தால் படிக்கிறவருக்குப் புரியும். தமிழ் எழுத்து சிதறும் பிழையை நாம் சொல்லாவிட்டால் வேறு யாருக்கும் அது கண்ணில் படப்போவதில்லை.

அண்ணாச்சி இப்போது இரண்டு கம்ப்யூட்டரையும் ஒரே நாளில் மாற்றுவதில்லை. புள்ளி ஒன்று வந்தபின், உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரில் முதலில் போடுகிறார். வாசலைப் பார்த்திருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு மாதம் பழையதே ஓடுகிறது. பிரிண்டருக்கு மேலே சுவரில் ஒரு சோதனைப் பக்கம் ஒட்டியிருக்கிறது. கடைப் பெயர், 'கொக்கிரகுளம்', தேதி, பதிப்பு எண். போன தடவை நான் போனபோது அதன் கீழே பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'ரெண்டாவது தடவை ஆன் பண்ணியும் வந்துது.'